கொன்ஸ்டன்ஷியாவின் சிவப்பு

வெள்ளவத்தையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பழைய குடும்பத் தோட்டமொன்றில் அழிந்துபோன ஒரு வைனை எப்படி மீட்டார்கள் என்று பேசப் போகிறேன் எனச் சொன்னதும், அழைப்பிதழ் அச்சடித்த தம்பி இரண்டு தடவை தொலைபேசி எடுத்தார். “ரீச்சர், தலைப்புச் சரிதானே?” என்று கேட்டார். சரிதான் தம்பி. நாற்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவள் நான். இந்தக் கதை நமக்கு உரியது என்று எனக்குப் படுவதால்தான் இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வுல்பெண்டால் தேவாலயம் இருக்கிறது. ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று ஒல்லாந்தர் வைத்த பெயர் அது. இலங்கையில் ஓநாய் ஏது? நரியைப் பார்த்து ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கதை. 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். சுவர்கள் அவ்வளவு தடிப்பு. மே மாத வெயிலிலும் உள்ளே குளிரும். தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813 இல் கொண்டுவந்தவை அவற்றில் உண்டு. தேசாதிபதிகள், தளபதிகள், அவர்களுடைய மனைவிமார், பச்சைக் குழந்தைகள். எழுத்துகள் புடைத்து நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்காலில் தட்டுப்படும். பத்து வயதில் அப்படி நடந்து நடந்துதான் நான் ‘கம்பனி’ என்ற சொல்லைக் கற்றேன்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656 இல் கொழும்பைப் பிடித்தது, 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. கறுவாவுக்காக வந்தவர்கள். ஒல்லாந்திலிருந்து புறப்பட்ட அவர்களுடைய கப்பல்கள் பாதி வழியில் தண்ணீரும் மரக்கறியும் ஏற்ற ஓர் இடம் தேவைப்பட்டது. ஆபிரிக்காவின் தென் முனையில், இன்று கேப்டவுன் இருக்கும் இடத்தில், 1652 இல் ஒரு நிலையம் அமைத்தார்கள். மூன்று வருடத்தில் அங்கே முந்திரிகைத் தடிகளை நட்டார்கள். 1659 பெப்ரவரி 2 ஆம் திகதி முதல் வைன் பிழிந்ததாக நிலையத் தலைவர் யான் வன் ரிபேக் தமது நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதி வைத்தார். கொழும்பும் கேப்டவுனும் ஒரே கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்த இரண்டு பக்கங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்திரிகை என்று நான் சொல்வது திராட்சையை. எங்கள் வீட்டில் அப்படித்தான். பொங்கலுக்குள் போடுவது முந்திரிகை வற்றல். அம்மாவின் ஊர் உரும்பிராய். அங்கே அப்புவின் வளவில் ஒரு பந்தல் இருந்தது. பந்தலின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1685 இல் கம்பனி தன் நிலையங்களை மேற்பார்வையிட ஓர் ஆணையாளரை அனுப்பியது. அவர் பெயர் ஹென்ட்ரிக் வன் ரீட். மலபாரில் தளபதியாக இருந்த காலத்தில், இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவைத் துணைகொண்டு மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகளில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற நூலை உருவாக்கினாரே, அவரேதான். அவர் முனைக்குப் போனபோது அங்கே தலைவராக இருந்தவர் சைமன் வன் டெர் ஸ்டெல். அவருக்கு மேசை மலையின் பின்புறச் சரிவில் ஏறத்தாழ 760 ஹெக்டயர் நிலத்தை வன் ரீட் எழுதிக் கொடுத்தார். சைமன் அந்த நிலத்துக்கு வைத்த பெயர் கொன்ஸ்டன்ஷியா. சைமனின் தாயைப் பெற்றவள் மொனிக்கா என்று, அடிமையாயிருந்த ஓர் இந்தியப் பெண். கம்பனி உலகம் அப்படிப்பட்டது. ஆள்பவனின் பாட்டியும் அடிமை. அவன் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவனும் அடிமை.

அந்தச் சரிவில் விளைந்த வைன் இரண்டு விதம், வெள்ளையும் சிவப்பும். வெள்ளையைத்தான் இன்று உலகம் அதிகம் பேசுகிறது. எனக்குச் சிவப்பின் மேல்தான் ஆசை, ஏனென்றால் சிவப்பு ஒரு கலவை. அடித்தளம் சிவப்பு மஸ்கட் என்ற பழம். மணம் தூக்கும், ஆனால் சாற்றில் நிறம் குறைவு. சாதாரணமாகக் கறுப்பு முந்திரிகையைக் கடித்துப் பாருங்கள், தோல்தான் கறுப்பு, உள்ளே சதை வெளிறி இருக்கும். பொன்டாக் என்று ஒரு பழம் அப்படியல்ல. அதன் சதையே இரத்தச் சிவப்பு. பிழிந்த கையில் கறை நிற்கும். மஸ்கட் மணத்தைக் கொடுக்க, பொன்டாக் நிறத்தையும் துவர்ப்பையும் கொடுத்தது. யாழ்ப்பாணத் தூள் இடிக்கிற பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிளகாயும் மல்லியும் எல்லா வீட்டிலும்தான் இருக்கின்றன. இந்த வீட்டுத் தூளின் வாசம் அடுத்த வீட்டில் வராது. அளவு கையில் இருக்கிறது. கை போனால் அளவும் போகும்.

செய்த விதமும் தனி. பழம் கனிந்தவுடன் அறுக்க மாட்டார்கள். கொடியிலேயே விட்டுவிடுவார்கள். வெயிலும் காற்றும் பட்டுப் பழம் சுருங்கும், பாதி வற்றலாகும். தண்ணீர் போய் இனிப்புத் திரளும். அதைப் பிழிந்து புளிக்க வைத்தால், நொதி எவ்வளவு தின்றாலும் தின்று முடியாத அளவுக்கு இனிப்பு இருக்கும். ஒரு கட்டத்தில் தான் உண்டாக்கிய மதுவே நொதியின் வேலையை நிறுத்திவிடும். மிச்ச இனிப்பு வைனில் தங்கிவிடும். கப்பலில் பூமத்திய ரேகையைக் கடக்கும்போது மெல்லிய வைன்கள் வெப்பத்தில் கெட்டுப்போகும். இது கெடாமல் போய்ச் சேர்ந்தது. அதன் புகழுக்கு முதற் காரணம் சுவை என்று சொல்வார்கள். அந்தத் தாக்குப்பிடிப்பும் சரிபாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

சைமன் 1712 இல் இறந்தபின் நிலம் துண்டாகியது. ஒரு துண்டில் யொஹானெஸ் கொலெயின் என்பவர் வைன் செய்தார். அவருடைய தாய் மரியா எவெர்ட்ஸ், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட பெற்றோரின் மகள். ஐரோப்பாவில் கொன்ஸ்டன்ஷியாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் இந்தக் கறுப்புத் தாயின் பிள்ளை முன்னணியில் நிற்கிறார். பெரிய துண்டை, குரூட் கொன்ஸ்டன்ஷியாவை, 1778 இல் ஹென்ட்ரிக் க்ளூட்டே வாங்கினார். நூறு வருடத்துக்கு மேல் அது க்ளூட்டே குடும்பத்தின் கையில் இருந்தது. ஜேன் ஒஸ்ரினின் நாவலில் மனமுடைந்த பெண்ணுக்கு மருந்தாக இந்த வைன் வருகிறது. சென் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் இது போனது.

பிறகு வீழ்ச்சி. இங்கிலாந்து தன் குடியேற்ற நாட்டு வைனுக்குக் கொடுத்த வரிச் சலுகை போயிற்று. கொடியில் வெண்பூஞ்சணம் விழுந்தது. 1885 இல் குரூட் கொன்ஸ்டன்ஷியாவை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. அடுத்த வருடமே பில்லொக்சரா என்ற பூச்சி முனையில் காணப்பட்டது. வேரைத் தின்னும் பூச்சி. கொடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். பழைய இனிப்பு வைன் இல்லாமற் போயிற்று. பொன்டாக் கொடி நாடு முழுவதிலும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது.

1980 இல் டகி ஜூஸ்ட் என்பவர், குரூட் கொன்ஸ்டன்ஷியாவிலிருந்து பிரிந்து பாழாய்க் கிடந்த க்ளைன் கொன்ஸ்டன்ஷியாத் தோட்டத்தைத் தம் குடும்பத்துக்காக வாங்கினார். ஸ்டெலென்பொஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் ஒர்பர் அவருக்குத் துணை நின்றார். பழைய கொன்ஸ்டன்ஷியாக் கொடிகளின் வழித்தோன்றல் என்று கருதத்தக்க மஸ்கட் கொடிகளைத் தேடி, அவற்றிலிருந்து தடி வெட்டி, 1982 இல் நட்டார்கள். 1986 இல் முதல் விளைச்சலின் வைன் பிறந்தது. 1990 இல் விற்பனைக்கு வந்தது. அது வெள்ளை. சிவப்பும் வெள்ளையுமான மஸ்கட் கலந்த வைனை 2003 இல் குரூட் கொன்ஸ்டன்ஷியா மீட்டது. இப்போது அந்தத் தோட்டம் ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் நிற்கிறது: முந்திரிகை விதையில் இனம் மாறிவிடும். விதை போட்டால் தாயைப் போல வராது. தடி வெட்டி நட வேண்டும். இன்று ஒருவர் நடும் மஸ்கட் தடி, முன்னூறு வருடத்துக்கு முந்திய கொடியின் பிள்ளை அல்ல. அதே கொடியின் உடம்பு. கையிலிருந்து கைக்கு மாறி வந்த ஒரே உடம்பு. ஆகவே ஒரு வைனை மீட்பது என்றால், இடையில் யாரோ ஒருவர் தடியைக் காய விடாமல் வைத்திருந்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெயர் போத்தலில் வராது.

மகன் வேலை நிமித்தம் கேப்டவுனில் இரண்டு வருடம் இருந்தான். அப்போது நான் குரூட் கொன்ஸ்டன்ஷியாவுக்குப் போனேன். நீளமான வெள்ளைக் களஞ்சியம், 1791 இல் கட்டியது. முகப்பில் அன்டன் அன்ரித் செதுக்கிய குழந்தைகள் துள்ளி விளையாடுகிறார்கள். ஒரு சின்னக் கண்ணாடியில் அந்த வைனை ஊற்றித் தந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு என்று நினைத்துப் போயிருந்தேன். அது தேயிலைச் சாயம் நன்றாய் ஊறிய நிறம். மூக்கில் முதலில் வந்தது வற்றல் மணம், பிறகு தோடம்பழத் தோல். பொங்கல் பானையருகே நின்ற நினைவு வந்தது எனக்கு. பொன்டாக் அதில் இல்லை. அந்த இரத்தச் சிவப்பு திரும்பி வரவில்லை.

பக்கத்து வீடு அருங்காட்சியகம். உள்ளே அங்கு வாழ்ந்த அடிமைகளைப் பற்றிச் சொல்லும் பகுதி இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் வந்து, கம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்துக்கும் போனேன். அதுவும் இன்று அருங்காட்சியகம். தூணொன்றில் வளையம் வளையமாகப் பெயர்கள். முனையின் பதிவேடுகளில் அடிமைக்குக் குலப்பெயர் கிடையாது. கிறிஸ்தவப் பெயரோ, மாதத்தின் பெயரோ, கிரேக்கக் கதைப் பெயரோ ஒன்றை வைத்து, பின்னால் எங்கிருந்து வந்தார் என்று ஒட்டி எழுதுவார்கள். வன் மலபார். வன் கொரமாண்டல். வன் சிலோன். வன் துட்டுக்கோரின், அதாவது தூத்துக்குடி. வன் கொலொம்போ.

வன் கொலொம்போ. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். கால் வைத்து நடந்த அந்தக் கல்லறைக் கற்களில் இந்தப் பெயர்கள் ஒன்றும் இல்லை.

1652 முதல் 1808 வரை முனைக்கு ஏறத்தாழ 63,000 அடிமைகளைக் கொண்டு போனார்கள். அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் இந்தியா, இலங்கைப் பக்கத்தவர். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த காலங்களில் விலை விழுந்தது. 1659 தொடக்கம் 1661 வரை தஞ்சாவூரைப் பஞ்சம் வாட்டியபோது நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கம்பனி வாங்கிக் கப்பலேற்றியது. நெல்லுக்காகப் பிள்ளையைக் கொடுத்த பெற்றோர் நம்முடைய மொழி பேசியவர்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்திறங்கிய இடங்களில் இலங்கையும் ஒன்று. கொம்பனித்தெரு என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த இடத்தின் பழைய ஆங்கிலப் பெயர் அடிமைத் தீவு. பஸ் நடத்துநர் கூவுகிறபோது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குற்றத்தை ஒல்லாந்தன் தலையில் மட்டும் வைத்துவிட்டு நாம் கைகழுவவும் இயலாது. 1707 இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதி இருக்கிறது. அது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். எவர் யாருக்கு அடிமை, பிறக்கும் பிள்ளை யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. 1844 இல்தான் இலங்கையில் அடிமை முறையைச் சட்டம் முற்றாக நீக்கியது. என் மாணவர்களுக்குத் தேசவழமையைச் சீதனச் சட்டமாகவே படிப்பித்தேன். இந்தப் பகுதியைத் தாண்டித் தாண்டிப் போனேன். இன்று அதற்காக வருந்துகிறேன்.

கொன்ஸ்டன்ஷியாக் கலவையில் மஸ்கட் இருந்தது, பொன்டாக் இருந்தது, வெயில் இருந்தது, இந்த ஆட்களின் கைகளும் இருந்தன. பழம் எந்த நாளில் அறுக்க வேண்டும், எவ்வளவு சுருங்கினால் போதும் என்பது கொத்துக் கொத்தாய்த் தொட்டுப் பார்ப்பவனுக்குத்தான் தெரியும். தொட்டவன் அடிமை. எசமான் கணக்கு எழுதினான். பேராசிரியர் கொடியைத் தேடினார், தடியைத் தேடினார், மண்ணைப் பார்த்தார். அரிய வேலை, மதிக்கிறேன். ஆனால் மீட்டுவிட்டோம் என்று சொல்வதற்கு முன், யாருடைய கைப்பக்குவம் அது என்ற கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். தென்னாபிரிக்கர்கள் அதை இப்போது கேட்கிறார்கள். நாம் இன்னும் கேட்கவில்லை.

இப்போது உரும்பிராய்க்கு வருகிறேன். அப்புவின் பந்தல் பனை வளையில் போட்டது. கீழே சுண்ணாம்புக் கல் மண், பக்கத்தில் கிணறு. நம்முடைய நாட்டில் முந்திரிகைக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. அதை நாம்தான் உறங்க வைத்து எழுப்ப வேண்டும். அப்பு தண்ணீரை நிறுத்துவார், இலைகளை உருவுவார், தடிகளைக் கவாத்துப் பண்ணுவார். வெட்டிய இடத்தில் துளி துளியாய் நீர் வடியும். “கொடி அழுதால்தான் காய்க்கும்” என்பார். பத்துப் பதினைந்து நாளில் கணுவில் மொட்டு வீங்கும். கவாத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். மாரி மழையில் பூ கொட்டிவிடும், பழம் வெடித்துவிடும் என்பதால் அதற்கேற்ற விதமாய் நாள் பார்ப்பார். ஒரே கொடி வருடத்தில் இரண்டு முறை காய்க்கும். ஆபிரிக்க முனையில் ஒரு முறைதான். ஆனால் நம் பழம் கொடியில் நின்று வற்றாது. ஈரக் காற்றில் அழுகிவிடும். ஆகவே கொன்ஸ்டன்ஷியாவை யாழ்ப்பாணத்தில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு அதன் சொந்தக் கலவை இருக்கிறது. 1928 இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். செபமும் மௌனமும் கைத்தொழிலுமாக வாழ்ந்த துறவிகள். தோலகட்டி நெல்லிரசமும் முந்திரிகை ரசமும் எங்கள் சிறுவயதில் விருந்தாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருட்கள். யாழ்ப்பாணம் கொன்வன்ட் வீதியில், அடைக்கல மாதா கோவிலுக்கு அண்மையில் உள்ள மடத்தில் சகோதரிகள் ‘ரொசெற்றோ’ என்ற பெயரில் இனிப்பு வைன் செய்து விற்கிறார்கள். மூடியைத் திறந்ததும் கறுவாவும் கராம்பும் மணக்கும். அந்த மணத்தை நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வடக்கின் முந்திரிகை, தெற்கின் கறுவா. எந்தக் கறுவாவுக்காகக் கம்பனி இந்தத் தீவைப் பிடித்ததோ, எந்தக் கறுவாவை 1769 இல் தேசாதிபதி பால்க் மருதானையில் முதன்முதலாகத் தோட்டமாய் நட வைத்தாரோ, அது ஒரு துறவு மடத்தின் போத்தலுக்குள் எவருடைய அதிகாரமும் இல்லாமல் முந்திரிகையோடு சேர்ந்திருக்கிறது. சரித்திரப் பெருமை உள்ள சிவப்பு என்று நான் சொன்னால், அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

1990 இல் போரினால் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. பந்தல்கள் கவனிப்பாரில்லாமல் விழுந்தன. 1995 இல் எங்கள் உரும்பிராயும் ஒரே இரவில் வெறுமையாயிற்று. திரும்பிப் போனபோது அப்புவின் பந்தலில் இரும்புக் கம்பி மட்டும் இருந்தது. மூன்று வளவு தள்ளி ஓர் அம்மாவின் வீட்டில், முன்பு அப்பு கொடுத்த தடியில் வந்த கொடி, கிணற்றடியில் குப்பை மேட்டில் படர்ந்து கிடந்தது. அவர் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் அதன் காலடிக்குப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதிலிருந்துதான் எனக்குத் தடி கிடைத்தது.

இளம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். கறுவாத்தோட்டத்தில், நாங்கள் பஸ்ஸில் கடந்துபோகும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில், ஒல்லாந்தக் கம்பனியின் ஆயிரக்கணக்கான தொகுதிகள் இருக்கின்றன. இலங்கையிலும் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் தென்னாபிரிக்காவிலும் நெதர்லாந்திலும் உள்ள கம்பனிச் சுவடிகளை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. குரூட் கொன்ஸ்டன்ஷியா தன் வைனை மீட்ட அதே வருடம். பழைய ஒல்லாந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை ஒருவர் நமக்கு வேண்டும். ஒருவர் போதும். யார் யாரைக் கப்பலேற்றினார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை வயதில் என்பது தாளில் மையில் இருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கப் பழக ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். செலவுக்கு ஆகிறதை நானும் இங்கிருக்கும் இரண்டு மூன்று பேரும் பார்த்துக்கொள்வோம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

வாசலில் ஈரச் சாக்கில் சுற்றிப் பன்னிரண்டு தடிகள் வைத்திருக்கிறேன். என் வெள்ளவத்தை மாடி வீட்டுச் சாடியில் நிற்கும் உரும்பிராய்க் கொடியை முந்தநாள் கவாத்துப் பண்ணியபோது எடுத்தவை. ஒரு தடியில் நான்கு கணு. இன்றிரவு தண்ணீரில் ஊற விடுங்கள். சரிவாக வெட்டிய முனைதான் அடிப்பக்கம். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. கடற்காற்றுப் படாத பக்கமாய் வையுங்கள். மூன்று வாரம் அசைக்காதீர்கள்.